விரல் தொட்டு அறிந்த மலை

நான் ராஜபாளையத்தில் குடியிருந்து, திருவில்லிபுத்தூர்ப் பக்கம் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். தினமும் பேருந்துப் பயணம்தான். காலையில் இடப்பக்கமும் மாலையில் வலப்பக்கமும் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். எங்கள் பிள்ளைகளுக்கும் அது புதிதில்லை. வகுப்பறைச் சன்னலைத் திறந்தால் மலை. ஆனால் அந்த மலையை நிலவரைபடத்தில் காட்டினால் பலருக்கும் அது வளைந்து நெளியும் சில கோடுகள் மட்டுமே.

சென்ற கல்வியாண்டில் எட்டாம் வகுப்பில் நடந்த ஒன்றும், அதற்காக ஒரு சிறிய லேசர் இயந்திரத்தில் நான் பழகிய பாடமும் மற்ற ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்று நினைத்து இதை எழுதுகிறேன்.

வகுப்பறையில் எழுந்த கேள்வி

அந்த வகுப்பில் பிறவியிலேயே பார்வைத்திறன் குறையுடைய மாணவி ஒருத்தி படிக்கிறாள். நன்றாகப் படிப்பவள். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லுவாள். சமூக அறிவியல் பாடவேளையில் நிலவரைபடத்தை மாட்டும்போது மட்டும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சமூக அறிவியல் ஆசிரியை வரைபடத்தை வாயால் விளக்கிச் சொல்வார். அவள் மனப்பாடம் செய்துகொள்வாள்.

ஒரு நாள் மதிய இடைவேளையில் என்னிடம் கேட்டாள்: "சார், சம உயரக் கோடுகள் நெருக்கமா இருந்தா செங்குத்துச் சரிவு, விலகி இருந்தா மென்சரிவுன்னு டீச்சர் சொன்னாங்க. நான் எழுதிடுவேன். ஆனா கோடு நெருக்கமா இருந்தா மலை ஏன் செங்குத்தா இருக்கணும்?"

நான் வாயாலேயே விளக்க முயன்றேன். அவளுக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்த மற்ற மாணவர்களிடம் அதே கேள்வியைக் கேட்டேன். கண் தெரிந்த அவர்களும் "நெருக்கமா இருந்தா செங்குத்து சார்" என்று விதியைத்தான் திருப்பிச் சொன்னார்கள். காரணம் யாருக்கும் தெரியவில்லை. அவள் ஒருத்திதான் தனக்குத் தெரியவில்லை என்பதை உணர்ந்து கேட்டிருக்கிறாள் என்று அப்போது புரிந்தது.

கையில் இருந்த கருவி

டேன்கிராம், பின்ன வட்டுகள் போன்ற கணித உபகரணங்கள் செய்வதற்காகச் சில மாதங்களுக்கு முன்புதான் 5 வாட் நீல லேசர் இயந்திரம் ஒன்று வாங்கியிருந்தேன். நான்கு பக்கமும் சட்டம், அதன்மேல் முன்பின்னும் இடவலமும் நகரும் ஒரு லேசர் தலை, அவ்வளவுதான். கணினியில் வரைந்த கோட்டின் வழியே தலை நகரும். அதிலிருந்து விழும் ஒளி மரத்தைக் கருக்கும் அல்லது அறுக்கும். வரைவதற்கு இங்க்ஸ்கேப், இயந்திரத்தை ஓட்டுவதற்கு லேசர்ஜிஆர்பிஎல் ஆகிய இரண்டு மென்பொருள்களும் கட்டணமின்றிக் கிடைப்பவை.

வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வாட் அளவு பல நேரம் இயந்திரம் இழுக்கும் மின்சாரத்தின் அளவாக இருக்கும். நமக்கு வேண்டியது வெளிவரும் ஒளியின் திறன். 40 வாட் என்று எழுதியிருக்கும் இயந்திரத்தில் ஒளித்திறன் 5 வாட்டாக இருக்கலாம்.

5 வாட் என்றால் ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கின் அளவுதானே, அது எப்படி மரத்தை அறுக்கும் என்று மாணவர்கள் கேட்டார்கள். அதையே கணக்காக்கினேன். உருப்பெருக்கிக் கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தைக் கருக்கிய அனுபவம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் தரையில் ஏறத்தாழ 1000 வாட் ஒளி விழுகிறது. ஒரு சதுர மீட்டர் என்பது பத்து லட்சம் சதுர மில்லிமீட்டர். ஆகவே ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 0.001 வாட். லேசரோ 5 வாட்டையும் 0.1 மி.மீ. பக்கமுள்ள புள்ளியில் குவிக்கிறது. அதன் பரப்பு 0.01 சதுர மி.மீ. 5-ஐ 0.01-ஆல் வகுத்தால் 500 வாட். அதாவது உச்சி வெயிலைப்போல் 5 லட்சம் மடங்கு. தசம வகுத்தலில் தடுமாறும் மாணவர்கள்கூட அன்று விடையை மூன்று முறை சரிபார்த்தார்கள்.

முதல் லேசர் 1960 மே 16 அன்று அமெரிக்காவில் தியோடர் மைமன் மாணிக்கக் கல்லைக் கொண்டு உருவாக்கியது. தொழிற்கூடங்களில் மரமும் துணியும் அறுக்கும் கார்பன் டைஆக்சைடு லேசரை 1964-இல் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் குமார் பட்டேல். மகாராட்டிரத்தின் பாராமதியில் பிறந்து புனே பொறியியல் கல்லூரியில் படித்தவர். இந்தப் பெயரை வகுப்பில் சொல்ல மறக்காதீர்கள்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

முதல் வாரம் முழுவதும் பலகைகளை வீணாக்கினேன். ஒன்று அறுபடவில்லை, இன்னொன்று கரியாகிப் போனது. வேகத்தையும் திறனையும் குவியத்தையும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொண்டிருந்ததுதான் தவறு. எதனால் கெட்டது, எதனால் சரியானது என்று எனக்கே தெரியவில்லை. 'சோதனையில் ஒரு மாறியை மட்டும் மாற்று, மற்றவற்றை நிலையாக வை' என்று அறிவியல் ஆசிரியர்கள் சொல்வதை நான் மறந்திருந்தேன்.

பிறகு ஒரு சிறிய பலகையில் ஐந்து வரிசை, ஐந்து நிரல் என 25 கட்டங்களைப் பொறித்தேன். கீழே இறங்க இறங்க வேகம் கூடும், வலப்பக்கம் போகப் போகத் திறன் கூடும். எந்தக் கட்டம் எப்படி வந்தது என்று குறிப்பேட்டில் எழுதினேன். அதன்பிறகு பலகை வீணாவது நின்றது.

இதில் ஓர் எளிய கணக்கு உண்டு. வாட் என்பது ஒரு வினாடிக்கு இத்தனை ஜூல். நிமிடத்துக்கு 300 மி.மீ. வேகம் என்றால் வினாடிக்கு 5 மி.மீ. 5 வாட் திறனில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 1 ஜூல் ஆற்றல் கிடைக்கிறது. நிமிடத்துக்கு 3000 மி.மீ. வேகத்தில், 40 விழுக்காடு திறனில் ஓட்டினால் 2 வாட்டை 50-ஆல் வகுக்க வேண்டும். 0.04 ஜூல். அறுப்பதற்கும் பொறிப்பதற்கும் உள்ள வேறுபாடு இந்த 25 மடங்குதான். என் இயந்திரத்தில் 3 மி.மீ. ப்ளைவுட் அறுபட முழுத்திறனில், 300 மி.மீ. வேகத்தில், மூன்று ஓட்டம் தேவைப்பட்டது. உங்கள் இயந்திரத்துக்கும் மரத்துக்கும் இந்த எண்கள் மாறும். அதனால் 25 கட்டச் சோதனையை நீங்களே செய்து பார்ப்பதுதான் சரி.

முதல் வரைபடம் தோற்றது

மாணவியின் கேள்வி மனத்தில் இருந்ததால், எங்கள் வட்டாரத்தின் சம உயரக் கோட்டு வரைபடத்தை ஒரு பலகையில் அழகாகப் பொறித்து எடுத்துப்போனேன். பழுப்புக் கோடுகள் அச்சடித்ததுபோல் இருந்தன. ஆசிரியர் அறையில் எல்லோரும் பாராட்டினார்கள்.

அவள் பலகை முழுவதும் மெதுவாகத் தடவிப் பார்த்தாள். "வழவழன்னு நல்லா இருக்கு சார்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கோடு எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

நான் பொறித்தது கண்ணுக்குத் தெரியும் நிறமாற்றம். விரலுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆழமாகப் பொறித்தால் என்ன என்று அடுத்த பலகையைச் செய்தேன். இப்போது பள்ளங்கள் தட்டுப்பட்டன. ஆனால் மெல்லிய பள்ளங்கள் ஒன்றோடொன்று குழம்பின. அவளுடைய விரலெல்லாம் கரியானதுதான் மிச்சம்.

எங்கள் தெருவில் வயதான தச்சர் ஒருவர் இருக்கிறார். இரண்டு பலகைகளையும் அவரிடம் காட்டினேன். "என்ன அண்ணாச்சி, இப்படி ஆயிருச்சே" என்றேன். அவர் பலகையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வாத்தியார் சார், ஆண்டாள் கோயில் தேர்ல உருவம் செதுக்கியிருக்காங்கல்ல? அதுல கோட்டையா செதுக்குனாங்க? சுத்தியிருக்க மரத்த எடுத்தாங்க. உருவம் எந்திரிச்சு நிக்குது. நீங்க பள்ளம் பறிச்சிருக்கீங்க. கைக்கு மேடுதான வேணும்?"

அதுதான் புடைப்புச் சிற்பம். பிரெய்ல் எழுத்தும் அப்படித்தான். ஆறு புள்ளிகளும் மேடாக எழும்பி நிற்பதால்தான் விரல் படிக்கிறது. லேசரால் சுற்றியுள்ள மரத்தை எல்லாம் எரித்து எடுத்து மேடு உண்டாக்க முடியும். ஆனால் மணிக்கணக்காகும், வீடு முழுக்கப் புகையாகும். மரத்தை எடுப்பதற்குப் பதில் அடுக்கலாமே என்று தோன்றியது.

அடுக்கிச் செய்த மலை

இந்திய நில அளவைத் துறையின் நிலவரைபடங்களில் சம உயரக் கோடுகள் இருக்கின்றன. அதிலிருந்து 300, 600, 900, 1200 மீட்டர் ஆகிய நான்கு கோடுகளை மட்டும் மாணவர்கள் குழுக்களாகப் பிரிந்து டிரேசிங் தாளில் எடுத்தார்கள். எந்தக் கோடு எங்கே போகிறது என்பதைத் தேடும்போதே பாதிப் பாடம் நடந்துவிட்டது. அதை ஒளிவருடி, இங்க்ஸ்கேப்பில் கோடுகளாக மாற்றினோம்.

அளவுத்திட்டமாக 1 : 1,00,000 எடுத்துக்கொண்டோம். 1 செ.மீ. என்றால் 1 கி.மீ. ராஜபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 11 கி.மீ., அதாவது பலகையில் 11 செ.மீ. இந்த அளவுத்திட்டத்தில் 3 மி.மீ. பலகையின் கனம் சரியாக 300 மீட்டரைக் குறிக்கிறது. மலையை மிகைப்படுத்தவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். 300 மீட்டருக்கு ஒரு கோடு என்று நாங்கள் தேர்ந்ததற்குக் காரணம் இதுதான்.

அடிப்பலகை சமவெளி. அதன்மேல் 300 மீட்டருக்கு மேற்பட்ட நிலம் முழுவதும் ஒரு துண்டு. அதன்மேல் 600 மீட்டருக்கு மேற்பட்டது. இப்படி நான்கு அடுக்கு. ஒவ்வொரு பலகையிலும் அடுத்த அடுக்கின் எல்லையை மெல்லிய கோடாகப் பொறித்துவிட்டேன். விரலுக்குப் பயன்படாத அந்தப் பொறிப்பு, துண்டுகளை இடம் மாறாமல் ஒட்டுவதற்கு நன்றாகப் பயன்பட்டது.

வாங்கிய ப்ளைவுட் உண்மையில் 3 மி.மீ. இருக்கிறதா என்று ஒரு மாணவன் கேட்டான். பத்துத் துண்டுகளை அடுக்கி அளந்தால் 28 மி.மீ.தான் வந்தது. எங்கள் மலையின் ஒவ்வோர் அடுக்கும் 300-க்குப் பதில் 280 மீட்டர். பிழை விழுக்காடு எவ்வளவு என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள்: ஏறத்தாழ 6.7 விழுக்காடு.

லேசர் அறுக்கும்போது எவ்வளவு மரத்தைத் தின்கிறது என்பதையும் அளந்தோம். கணினியில் 100 மி.மீ. நீளமுள்ள செவ்வகம் வரைந்து, அதைப் பத்துச் சம துண்டுகளாகப் பிரித்து அறுத்தோம். துண்டுகளைச் சேர்த்து நெருக்கி அளந்தால் 98.5 மி.மீ. உள்ளே 9 அறுப்புகள். இரு ஓரங்களிலும் பாதிப் பாதி. மொத்தம் 10 அறுப்பு அகலம். 1.5-ஐ 10-ஆல் வகுத்தால் 0.15 மி.மீ. ஒரு தாளின் கனத்தை நூறு தாள்களை அடுக்கி அளக்கும் அதே முறை இது. சாதாரண அளவுகோலைக் கொண்டு 0.15 மி.மீ. அளந்துவிட்டோம் என்பதில் மாணவர்களுக்குப் பெருமை.

வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியரின் ஆலோசனை இங்கே பெரிதும் உதவியது. அவர் சொன்ன நான்கு செய்திகளை எல்லா ஆசிரியர்களும் குறித்துக்கொள்ளலாம். ஒன்று, விரலுக்கான வரைபடத்தில் எல்லாவற்றையும் திணிக்கக் கூடாது. சாலை, ஆறு, ஊர்கள் என்று அனைத்தையும் வைத்தால் விரல் குழம்பும். இரண்டு, இரு மேடுகளுக்கு இடையே குறைந்தது 3 மி.மீ. இடைவெளி வேண்டும். மூன்று, வலது மேல் மூலையை வெட்டிவிட்டால் பலகையை எந்தப் பக்கம் வைத்துப் படிப்பது என்று உடனே தெரியும். நான்கு, பெயர்ச்சீட்டைச் சுற்றி வெற்றிடம் விட வேண்டும். அவரே கெட்டித்தாளில் பிரெய்ல் சட்டமும் எழுத்தாணியும் கொண்டு ஊர்ப் பெயர்களை எழுதித் தந்தார்.

எல்லாத் துண்டுகளையும் உப்புத்தாளால் தேய்த்துக் கரியை நீக்கி, ஈரத்துணியால் துடைத்து, மரப்பசையால் ஒட்டினோம். இரண்டு ஊர்களுக்கும் பொத்தான்போல் இரண்டு சிறிய வட்டங்கள்.

அன்றைய பாடவேளை

சமூக அறிவியல் ஆசிரியையும் நானும் சேர்ந்தே அந்த வகுப்பை எடுத்தோம். வெட்டிய மூலையை முதலில் தொட்டுப் பார்த்துப் பலகையைத் தானே சரியாகத் திருப்பி வைத்துக்கொண்டாள். கிழக்கு ஓரத்திலிருந்து விரலை மேற்கே நகர்த்தினாள்.

"சமமா போகுது... சமமா போகுது... இங்க ஒரு படி. அடுத்த படி. சார், இங்க படியெல்லாம் குறுகலா இருக்கு. உடனே உடனே ஏறுது." விரலைக் கொஞ்சம் வடக்கே நகர்த்தினாள். "இங்க படி அகலமா இருக்கு." பிறகு விரலைப் படியின் விளிம்பிலேயே ஓட்டிப் பார்த்தாள். "டீச்சர், நீங்க கோடுன்னு சொன்னது இந்தப் படியோட ஓரத்தையா?"

"ஆமாம்மா" என்றார் ஆசிரியை.

"அப்படின்னா கோடு நெருக்கமா இருந்தா படி குறுகல். ஏற்றம் ஒண்ணுதான், நடக்கிற தூரம் கம்மி. அதான் செங்குத்து."

இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் கேட்டதில்லை. அதே சொற்களைக் கரும்பலகையில் எழுதினோம். பிறகு மற்ற மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்தார்கள். அவள்தான் அவர்களுடைய விரலைப் பிடித்து வழிகாட்டினாள். அதுவரை வரைபட வகுப்பில் அவளுக்கு மற்றவர்கள்தான் சொல்லித்தந்தார்கள்.

கணிதத்துக்கும் அதிலேயே வேலை இருந்தது. ஒரு படியின் அகலம் 6 மி.மீ. என்றால் தரையில் 600 மீட்டர். ஏற்றம் 300 மீட்டர். சரிவு 1/2. அகலமும் உயரமும் சமமானால் சரிவு 1, கோணம் 45 பாகை. இரண்டு பொத்தான்களுக்கு இடையே எத்தனை விரல் என்று அவளை அளக்கச் சொன்னேன். ஒன்பது விரல். அவள் விரலின் அகலம் 12 மி.மீ. 108 மி.மீ., அதாவது 10.8 கி.மீ. நம் முன்னோர் விரற்கடை என்று அளந்தது பழங்கதை இல்லை என்று வகுப்புக்குத் தெரிந்தது.

கட்டாயம் கவனிக்க வேண்டியவை

பயன்களைச் சொன்ன நான் ஆபத்தையும் சொல்ல வேண்டும். இவ்வகைத் திறந்த லேசர்கள் நான்காம் வகுப்பைச் சேர்ந்தவை. லேசர் ஆபத்து வகைப்பாட்டில் மிக உயர்ந்த வகுப்பு அதுதான்.

கண்: நீல ஒளி கண்ணின் தெளிந்த பகுதிகளைக் கடந்து விழித்திரையில் குவியும். இமை மூடும் நேரத்துக்குள் நிரந்தரச் சேதம் ஏற்படலாம். பளபளப்பான பொருளில் பட்டுத் தெறிக்கும் கதிரும் ஆபத்தானது. வெயில் கண்ணாடி எந்தப் பாதுகாப்பும் தராது. ஏறத்தாழ 450 நானோமீட்டர் அலைநீளத்துக்கென்றே மதிப்பிடப்பட்ட கண்ணாடி வேண்டும். கார்பன் டைஆக்சைடு லேசரின் கதிரைத் தடுக்கும் நிறமற்ற அக்ரிலிக் மூடி நீலக் கதிரை அப்படியே விட்டுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒன்றுக்கு வாங்கிய பாதுகாப்பு மற்றொன்றுக்கு உதவாது.

தீ: தொடக்கத்தில் ஒரு நாள் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அடுத்த அறையில் ஒலித்த அலைபேசியை எடுக்கப் போனேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்தபோது பலகையில் தீ நாக்கு எழும்பியிருந்தது. மின்சாரத்தை நிறுத்தி, ஈரச்சாக்கைப் போட்டு அணைத்தேன். முழுக்க என் தவறு. அன்று முதல் இயந்திரம் ஓடும்போது அந்த இடத்தைவிட்டு நகருவதில்லை. ஈரத்துணியும் மணல் வாளியும் தீயணைப்பானும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பக்கத்தில் சிவகாசியை வைத்துக்கொண்டு தீயைப்பற்றி நான் கூடுதலாகச் சொல்லத் தேவையில்லை.

புகை: எரியும் மரத்திலிருந்து கார்பன் மோனாக்சைடும், ப்ளைவுட் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடும் வரக்கூடும். சன்னலோரம் வைத்து, புகையை வெளியே இழுக்கும் மின்விசிறி பொருத்த வேண்டும். பி.வி.சி., ரெக்சின் ஆகியவற்றை ஒருபோதும் லேசரில் வைக்கக் கூடாது. அவற்றிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சு வாயு வரும். நுரையீரலையும் கெடுக்கும், இயந்திரத்தையும் அரிக்கும்.

இந்தக் காரணங்களால் நான் இயந்திரத்தைப் பள்ளிக்குக் கொண்டுபோகவில்லை. அளப்பது, வரைவது, கணக்கிடுவது, தேய்ப்பது, ஒட்டுவது எல்லாம் மாணவர்கள் வேலை. அறுப்பது மட்டும் என் வீட்டில், என் கையால். அவர்கள் அறுப்பதைப் பார்த்தது காணொலியில்தான்.

இயந்திரம் இல்லாமலும் செய்யலாம்

இந்தப் பாடத்துக்கு லேசர் கட்டாயம் இல்லை. நினைவுப் பரிசுகள் செய்யும் கடைகள் பலவற்றில் இப்போது லேசர் அறுப்பு இயந்திரம் இருக்கிறது. கோப்பைக் கொடுத்தால் அறுத்துத் தருவார்கள். அதுவும் வேண்டாம் என்றால் பழைய அட்டைப்பெட்டி போதும். பொருள்கள் வரும் பெட்டிகளின் நெளி அட்டை பெரும்பாலும் 3 மி.மீ. கனத்தை ஒட்டியே இருக்கும். எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு மாணவர்கள் இப்போது கத்தரிக்கோலால் அட்டையை வெட்டி அடுக்குகிறார்கள். விளிம்பு அவ்வளவு நேர்த்தியாக இல்லை. ஆனால் படி படியாகத்தான் இருக்கிறது, விரலும் அதைப் படிக்கிறது.

செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு வரிசையைத் தருகிறேன்:

1. உங்கள் ஊரை ஒட்டிய ஒரு மேட்டையோ குன்றையோ மலையையோ தேர்ந்தெடுங்கள். மாணவர்கள் நேரில் அறிந்த இடமாக இருக்கட்டும்.
2. கையில் உள்ள அட்டையின் கனத்தைப் பத்து அடுக்கி அளந்து, அதற்கேற்ற அளவுத்திட்டத்தை மாணவர்களையே முடிவு செய்யச் சொல்லுங்கள்.
3. நான்கைந்து கோடுகளுக்கு மேல் வேண்டாம்.
4. ஒட்டும் முன் பார்வைத்திறன் குறையுடைய மாணவரிடமோ, அத்தகையவர் இல்லையென்றால் கண்ணை மூடிக்கொண்ட ஒரு மாணவரிடமோ கொடுத்துச் சோதியுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். என்ன தெரிகிறது என்று கேளுங்கள்.
5. விதியை முதலில் சொல்லாதீர்கள். தொட்ட பிறகு அவர்கள் சொல்லட்டும்.

நான்காவது படியை நான் முதல் பலகையிலேயே செய்திருந்தால் இரண்டு பலகைகள் மிச்சமாகியிருக்கும். பாராட்டியவர்களிடம் காட்டினேனே தவிர, பயன்படுத்தப் போகிறவளிடம் கடைசியில்தான் கொடுத்தேன். எந்தக் கற்றல் உபகரணத்துக்கும் இது பொருந்தும் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்தப் பாடவேளை முடிந்து மணி அடித்தபிறகும் அவள் பலகையை விடவில்லை. விரல் மேற்கு ஓரம் வரை போய் நின்றது. எங்கள் பலகை அங்கே முடிந்துவிடுகிறது.

"சார், மலைக்கு அந்தப் பக்கமும் இப்படியே படி படியா இறங்குமா?"

அந்தப் பக்கம் கேரளம், பெரியாறு புலிகள் காப்பகக் காடு. தென்மேற்குப் பருவமழையை மலை அங்கேயே பெருமளவு வாங்கிக்கொள்வதால் நம் பக்கம் மழை மறைவுப் பகுதியாகிறது என்ற பாடம் அதற்குப் பின்னால்தான் வருகிறது. அதற்கு இன்னொரு பலகை வேண்டும். அரையாண்டு விடுமுறையில் அறுக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். கோடுகளை எடுக்கும் வேலையை எட்டாம் வகுப்புத் தொடங்கிவிட்டது.